வாயசைப்பு

எங்கள் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சுருதி விலகலாம், தாளம் தப்பலாம், இரண்டாவது அடியை முதலாவதாகப் பாடித் தொலைக்கலாம். வாயசைக்க மட்டும் கூடாது. குழுவை நடத்தியவர் என் அப்பா. ஆர்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். பதினைந்து பேர் பாடும்போது எந்தப் பெண் பாடாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள் என்பது கண்ணைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். பாட்டு முடிந்ததும் விரலை நீட்டுவார். "நீ வாயசைச்ச. எழுந்திரு." அன்றைக்குப் பூசை முடியும்வரை அவள் பக்கச் சுவரோரம் ஊர் பார்க்க நிற்க வேண்டும். பாடத் தெரியாமல் பாடுகிறவளைக் கடவுள் மன்னித்துவிடுவார், பாடுகிற மாதிரி பாவனை பண்ணுகிறவளை நான் மன்னிக்க மாட்டேன் என்பார். கடவுளைவிடத் தான் கொஞ்சம் கறார் என்பதில் அந்த மனுஷருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

நான் ஒருமுறைகூட அந்தச் சுவரோரம் நின்றதில்லை. எனக்குக் கனமான குரல். பெண்பிள்ளைக் குரலாகவே இல்லையே என்று அத்தைகள் அங்கலாய்ப்பார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க என்னைத்தான் அனுப்புவார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. நான் கூடத்தில் நின்று வாசிக்க வேண்டும், அவர் கொல்லையில் கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வார். அங்கிருந்து "கேக்கலை" என்று ஒரு சத்தம் வரும். மறுபடி முதலிலிருந்து. "இன்னும் கேக்கலை." தொண்டை கட்டி, அழுகை வந்து, ஆத்திரத்தில் கத்தி வாசித்தால், "கத்தாத, வாசி" என்பார். கடைசியில் சத்தமே வராது. வராவிட்டால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் கண்ணாடி முன்னால் நான் அதிக நேரம் நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்சி ஆண்டவரு எல்லாருக்கும் குடுத்ததும்மா. குரலு நான் உனக்குக் குடுத்தது. அதைப் பாத்துக்க."

அப்படி வளர்ந்த நான் மும்பைக்குப் போய், இந்திப் படங்களில் இருபது வருஷத்துக்கு மேல் நடித்தேன். அத்தனை படத்திலும் என் முகம் இருக்கிறது. ஒன்றில்கூட என் குரல் இல்லை. இந்த விஷயம் சினிமாவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் காரைக்காலில் யாருக்கும் தெரியாது, இந்தியில் பேசினால் குரல் அப்படித்தான் மெலியும் என்று நினைத்துக்கொண்டார்கள். என் அப்பாவுக்கும் தெரியாது, போன மாசம் வரைக்கும்.

இப்போது காரைக்கால் கோவில்பத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பி காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவான். பகலில் வீட்டில் மூன்றே பேர்: அப்பா, தம்பியின் மனைவி, நான். ஓய்வு பெற்ற நடிகை என்று என்னைப் பற்றி எழுதுகிறார்கள். ஓய்வாவது ஒன்றாவது. போன் வருவது நின்றுபோனது, அதற்கு மரியாதையாக வைத்த பெயர் ஓய்வு. எப்போதாவது சென்னையிலிருந்து இரண்டு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மேடம், மறக்க முடியாத ஒரு டயலாக் பேசிக் காட்டுங்களேன்" என்பார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று கீழே கமெண்ட் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா மட்டும் ஒருநாள் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள். நான் வாசலில் நின்று சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, டிவியில கிளி மாரி பேசுறீங்க. இங்க என்னா ஆம்பள மாரி அதட்டுறீங்க?" நம்ம ஊர்த் தண்ணி அப்படி என்று சொல்லிச் சமாளித்தேன். "நம்ம ஊர்த் தண்ணியவா சொல்றீங்க!" என்று சிரித்துவிட்டு மீனை வெட்டப்போனாள். அடுத்த நாளிலிருந்து பேரம் பேசத் தம்பி மனைவியை அனுப்பினேன்.

எல்லாம் விளம்பரத்தில்தான் ஆரம்பித்தது. புதுச்சேரியில் கல்லூரியில் படித்தபோது ஒரு துணிக்கடைக் காலண்டருக்குப் படம் எடுத்தார்கள். அங்கிருந்து மும்பை. முதலில் கிடைத்தது முகத்தை வெளுப்பாக்குகிற கிரீம் ஒன்றின் விளம்பரம். அதில் இரண்டு படம் போடுவார்கள், பூசுவதற்கு முன், பூசிய பின். நான் 'முன்'. என் கறுப்பு அவர்களுக்குப் போதவில்லை, மேலே இன்னும் கொஞ்சம் அப்பினார்கள். 'பின்' என்பது வேறொருத்தி. ஒரே பெண் மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே தோடு மாட்டினார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதிக்கு நான், மீதிக்கு இன்னொருத்தி என்பதுதான் என் தலையெழுத்து.

பிறகு ஒரு சோப்பு, ஒரு புடவை, ஒரு குக்கர். மாடலுக்கு வாய் எதற்கு? நில், திரும்பு, சிரி, பல் தெரியாமல் சிரி. ஆனால் சினிமா வாய்ப்பு வந்ததும் என் புத்தி கிணற்றடிக்குப் போய்விட்டது. குரல் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவிடம் மாசக்கணக்கில் இந்தி படித்தேன். அந்த நான்கு 'க'வையும் நான்கு 'த'வையும் தொண்டையில் பிரித்து வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. முதல் படத்தில் அத்தனை வசனத்தையும் மனப்பாடமாகப் பேசினேன். ஒரு சொல் பிசகவில்லை. யூனிட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், என் கண்ணே எனக்குப் பட்டுவிடும் போலிருந்தது.

அப்போதெல்லாம் படப்பிடிப்பில் பதிவாகும் சத்தத்தைப் படத்தில் வைக்க மாட்டார்கள். கேமரா ஓடுகிற இரைச்சல், காக்கா, லாரி எல்லாம் அதில் இருக்கும். படம் முடிந்த பிறகு நடிகர்கள் ஸ்டூடியோவுக்குப் போய், திரையில் தங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேசிக் கொடுக்க வேண்டும். டப்பிங்குக்கு என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பொறுக்காமல் நானே போனேன். உள்ளே இருட்டில் என் வயசுப் பெண் ஒருத்தி மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். திரையில் என் வாய் திறந்தது. அவள் குரல் வந்தது. சன்னமான, தேன் சொட்டுகிற குரல். இடைவேளையில் விளக்கைப் போட்டதும் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து, அக்கா முறை வைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். "தீதி, உங்க வாய் ரொம்ப நல்ல வாய். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாத் தெரியுது. ஒட்டவைக்க எனக்குக் கஷ்டமே இல்லை" என்றாள். மனசாரப் பாராட்டினாள், பாவி. என் அப்பா கிணற்றடியில் நின்று உருவாக்கிய உச்சரிப்பு அவளுக்கு வேலையைச் சுலபமாக்கியிருந்தது.

டைரக்டரைக் கேட்டேன். குரல் தடிமனாக இருக்கிறது, அதிலும் மதராசி வாடை அடிக்கிறது, வடக்கே சிரித்துவிடுவார்கள் என்றார். "நீ ஏன் கஷ்டப்பட்டு வசனமெல்லாம் பாடம் பண்றே? சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணு. நாங்க ஒட்டிக்கிறோம்." அடுத்த படத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஆத்திரத்தில்தான் ஆரம்பித்தேன், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. காதல் என்றால் இருபதுக்குள் முடிந்துவிடும். மாமியாருடன் சண்டை என்றால் ஐம்பது. அழுகைக் காட்சி எண்பதுக்கு மேல் போகும், அதில் எழுபத்தேழு சொல்லும்போது உதடு நன்றாகத் துடிக்கும். ஜனங்கள் அந்த எழுபத்தேழுக்குத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடிப்பில் உருக வைக்கிறாள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நல்லா உருகினீங்க, போங்க.

இந்தி சினிமாவில் கிறிஸ்தவப் பெண் என்றால் குட்டைப் பாவாடை, கையில் கிளாஸ், கழுத்தில் பெரிய சிலுவை. நான் நிஜமாகவே கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஏகக் குஷி. ஒரு படத்தில் நான் குடித்துவிட்டு மாதா சுரூபத்தின் முன்னால் தள்ளாடிக்கொண்டு நின்று ஏதோ பேச வேண்டும். எண்ணினேன். முப்பத்தெட்டு வரை வந்தது என்று ஞாபகம். அதன் மேல் பிறகு என்ன வசனத்தை ஒட்டினார்கள் என்பது படம் வந்த பின்புதான் எனக்குத் தெரியும். வாயில் வைத்துச் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை.

அந்த வீடியோ கேசட் காரைக்காலுக்கு வந்துவிட்டது. அப்பா பார்க்கவில்லை, அவர் சினிமாவே பார்க்கிறவர் இல்லை. பார்த்தவர்கள் வந்து, இந்தி தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி அர்த்தம் கேட்டு, அதை அப்பாவிடம் சுடச்சுட ஒப்பித்தார்கள். ஊருக்கு இதைவிட வேறென்ன வேலை? அந்த வாரமே அப்பா ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிவிட்டார். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. பாடகர் குழு வேறொருவர் கைக்குப் போனது. முப்பது வருஷமாக முன்னால் உட்கார்ந்து வாசித்தவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் பண்ணினார். அதுவரை அவர் எனக்குப் போன் பண்ணியதே இல்லை. "நீ ஆடுனதை விடும்மா. உடுத்துனதை விடு. அது உன் உடம்பு. ஆனா அந்தக் குரலால மாதாவ அப்படிப் பேசுனியே. வாசகம் வாசிச்ச குரலு." மூச்சு வாங்கியது. "இனிமே படத்துல உன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். இது ஆண்டவர் மேல ஆணை."

அப்பா, அது என் குரல் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது? நீங்கள் கொடுத்ததை இங்கே குப்பையில் போட்டுவிட்டார்கள், நான் நாள் முழுக்க ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றா? அவர் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிட்டுப் போகட்டும். சுவரோரம் நிற்க வேண்டியவள் என்று மட்டும் நினைக்கக் கூடாது. போனை வைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த வீம்பை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறதே தவிர வெட்கம் வரவில்லை.

இத்தனைக்கும் ஒரு படத்தில் நான் பேசினேன். கணவனைச் சுரங்கத்தில் பறிகொடுத்த பெண் ஒருத்தி, ஊர்ப் பஞ்சாயத்தில் தனியாக நின்று நியாயம் கேட்கிற கதை. டைரக்டர் புதுசு. "இந்தப் பொம்பளைக்கு உங்க குரல்தான் வேணும்" என்று சத்தியம் பண்ணினார். நம்பினேன். பஞ்சாயத்துக் காட்சியை எடுத்த அன்று எண்ணவில்லை, கிணற்றடிக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். லைட் பிடிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். பிறகு டப்பிங்கிலும் நாள் கணக்கில் நானே பேசிக் கொடுத்தேன், தொண்டையில் ரத்தம் வராத குறைதான். பிரிவியூவுக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் நான் பஞ்சாயத்தில் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தேன். தேன் சொட்டியது. தயாரிப்பாளருக்குப் பயம் வந்து கடைசி வாரத்தில் மாற்றியிருக்கிறார்கள். டைரக்டர் கையில் சமோசாவை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

காலம் மாறியது. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்கிற முறை வந்தது. அவரவர் குரல்தான் வேண்டும் என்றார்கள். சரி, நமக்கும் ஒரு நேரம் வந்தது என்று ஓடினேன். பேசச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அந்தப் பையன் டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "மேடம், உங்க குரல் உங்களுக்குப் பொருந்தலை." இருபது வருஷம் ஜனங்கள் என் முகத்தோடு அந்தச் சன்னக் குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள். என் குரல் என் முகத்துக்கு அந்நியமாகப் போய்விட்டதாம். அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. அதுதான் நான் சொன்ன ஓய்வு.

ஊருக்கு வந்தேன். அப்பா என்னைத் திட்டவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அம்மா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே கண்ணில் பிரஷர். முதலில் இடது கண் மங்கியது, பிறகு வலது. இந்த வருஷம் இரண்டும் முழுசாக அணைந்துவிட்டது. நான்தான் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போதைய குழு கீபோர்டு வைத்துப் பாடும்போது அவர் விரல் தொடையில் தாளம் போடும். "ரெண்டு பேரு வாயசைக்கிறாளுவ" என்று முணுமுணுப்பார்.

எனக்கு இந்த வயசில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. விருதெல்லாம் யாருக்கு வேண்டும்? அந்த மனுஷர் போவதற்குள் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "நல்லாப் பண்ணியிருக்க" என்று. அது ஒன்றுதான். அது நடக்காது என்று தெரிந்தும் அந்த ஆசை போகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே திடீரென்று கேட்டார். "உன் படம் ஏதாச்சும் இருந்தாப் போடேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆணை வெச்சீங்களேப்பா."

"பாக்க மாட்டேன்னுதான வெச்சேன். கேக்க மாட்டேன்னு வெக்கலையே. இப்ப பாக்க நெனச்சாலும் முடியாது. கேக்குறேன்."

எத்தனை நாள் யோசித்து இந்தச் சந்து வழியைக் கண்டுபிடித்திருப்பார் கிழவர்! அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கண் இருந்தவரை பார்க்க மாட்டேன் என்றார். பார்த்திருந்தால் நான் இருந்தேன், படம் முழுக்க இருந்தேன். இப்போது கேட்கிறேன் என்கிறார். கேட்பதற்கு அதில் நான் எங்கே இருக்கிறேன்? நெட் வரவில்லை என்றேன். படம் கிடைக்கவில்லை என்றேன். டிவி ரிப்பேர் என்றேன். ஒவ்வொரு தடவையும் "பரவால்ல, வரும்போது போடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியே போனில் தேடிக் கண்டுபிடித்து டிவியில் போட்டுவிட்டாள். மாமனாரின் ஆசையை நிறைவேற்றுகிறாளாம். தம்பி சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்கப் போயிருந்தான். அவள் போட்டது அந்தப் பஞ்சாயத்துப் படம். "அண்ணி, இதான உங்க பெஸ்ட்டு?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். ஆமாம் என்றேன். வேறு எதைச் சொல்ல?

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். நாற்காலியை டிவிக்கு நேராகத் திருப்பச் சொன்னார். பிறகு தலையைச் சாய்த்து, நன்றாகக் கேட்கிற வலது காதைக் கொடுத்தார். படம் ஓடியது. முதல் காட்சியிலேயே நான் வந்துவிட்டேன். குடத்தோடு நடந்துவந்து புருஷனிடம் ஏதோ பேசிச் சிரிக்கிறேன். அப்பா அசையவில்லை.

"இது யாரு? மூக்காலப் பேசுது?"

"அது ஒரு கேரக்டர்ப்பா."

"ம். நீ எப்ப வருவ?"

"வருவேன்ப்பா. இருங்க."

சுரங்கம் இடிந்தது. நான் மார்பில் அடித்துக்கொண்டு ஓடினேன். புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மயங்கி விழுந்தேன். அப்பா மறுபடி கேட்டார். "இந்தப் பொண்ணேதான் வந்துக்கிட்டிருக்கு. உன்னைக் காணுமே." இன்னும் கொஞ்சம் நேரம் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். திரை முழுக்க என் முகம், பக்கத்தில் நான், நடுவில் என்னைக் காணோம் என்று தேடிக்கொண்டு என் அப்பா. இந்தக் கண்றாவியை எந்தக் கதாசிரியனும் எழுத மாட்டான்.

கையைத் துடைத்துக்கொண்டே தம்பி மனைவி வந்தாள். சரியாகப் பஞ்சாயத்துக் காட்சி. "அய்யோ அண்ணி, இந்தச் சேலையில என்னாமா இருக்கீங்க! மாமா, நல்லாக் கேளுங்க, உங்க மவ பேசுறாங்க."

"எங்க பேசுறா?"

"இதோ, இப்பப் பேசுறாங்களே!"

அப்பா கேட்டார். திரையில் நான் கையை நீட்டி ஊர்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். தேன் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் மெதுவாகச் சுருங்கியது.

"இது என் மவ இல்லையே," என்றார்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். அது நான்தான், குரல் வேறொருத்தியுடையது என்று சொன்னேன். இந்தப் படத்தில் நான் நிஜமாகப் பேசினேன், அழித்துவிட்டு வேறு வைத்தார்கள் என்று சொன்னேன்.

"இது ஒண்ணுலயா?"

"எல்லாத்துலயும்தான்ப்பா."

"அந்த மாதா சுரூபத்துக்கிட்ட பேசுனது?"

"அதுவும் அவதான்."

"அப்ப நீ அங்க நின்னுக்கிட்டு என்னா சொன்ன?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனேன்."

எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எட்டிப் பார்த்தது. என் மகள் மாதாவைப் பழிக்கவில்லை, இத்தனை வருஷம் வீணாகக் கோபித்தேன் என்று சொல்வார். கையைப் பிடிப்பார். சினிமாவிலேயே கிடந்தவளுக்கு வேறெப்படிப் புத்தி போகும்?

"வாயசைச்சியா," என்றார் அப்பா. "வாயசைக்கவா அவ்வளவு தூரம் போன?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஆமா, வாயசைக்கத்தான் போனேன். வேற என்னா பண்ணச் சொல்றீங்க? நீங்க குடுத்த குரலை அங்க ஒரு நாயும் சீந்தலை. ஆம்பளக் குரலுன்னான். மதராசிக் குரலுன்னான். மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டுப் போன்னு சொன்னான், வெச்சுட்டு வந்தேன். போதுமா?" தம்பி மனைவி பயந்துபோய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். மாடியிலிருந்து தம்பி என்ன, என்ன என்று கேட்டான்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஆர்மோனியத்தை மூடியிருக்க மாட்டேன்," என்றார்.

"சொல்லியிருந்தா என்னையச் சுவரோரம் நிக்க வெச்சிருப்பீங்க."

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "ஆமா. வெச்சிருப்பேன்," என்றார். "ஆனா நான் முன்னாடி உக்காந்திருப்பேன்."

படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்தில் எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது, மாலை போட்டார்கள். தம்பி மனைவி போய் டிவியை அணைத்தாள்.

எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெபமாலை சொல்வது வழக்கம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். முன்பாதியை அப்பா சொல்வார், பின்பாதியை நாங்கள் சேர்ந்து சொல்வோம். அன்றைக்கும் உட்கார்ந்தோம். என்ன ஆனாலும் அதை நிறுத்துகிற வீடு இல்லை. தம்பி, தம்பி மனைவி, நான், மூன்று பேரும் மாதா படத்துக்கு முன்னால். அப்பா ஆரம்பித்தார். அவர் மேல் இருந்த கோபத்தில் எனக்குச் சொல்ல மனமில்லை. எழுந்து போகவும் மனமில்லை. வாயை மட்டும் அசைத்தேன். எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. யார் பார்த்திருந்தாலும் பக்தியாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது மணியில் அப்பா நிறுத்தினார். குருட்டுக் கண் நேராக என் பக்கம் திரும்பியது.

"வாயசைக்காத," என்றார். "சொல்லு."

அதே குரல். ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரல். ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. சொன்னேன். கோபத்தையெல்லாம் சேர்த்து, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன். முதல் சொல் கரகரவென்று வந்தது. இரண்டாவது நடுவிலேயே உடைந்தது. மூச்சு பாதியில் தீர்ந்துபோய், மிச்சத்தைத் தம்பியும் அவன் மனைவியும்தான் முடித்தார்கள். நான் விடவில்லை. அடுத்த மணிக்கும் சொன்னேன், அதற்கடுத்த மணிக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். அப்பா தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கடைசி மணி வரைக்கும் கேட்டார்.

முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"துரு ஏறிப்போச்சு," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "எவ்வளவு நல்லா இருந்துச்சு. உபயோகிக்காமப் போட்டு வெச்சா அப்படித்தான் ஆவும்."

கட்டிலுக்கடியில் துணி போட்டு மூடிக் கிடக்கிற ஆர்மோனியத்தைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, என்னைத்தான் சொன்னார்.